கேமிங் லேப்டாப்பை நாமளே திறக்கலாமா? – ஒத்தை ராம், கத்துற ஃபேன், தெர்மல் பேட் கதை

கேள்வி – 3 அக்டோபர் 2025, காலை 9.10

2021ல வாங்கின கேமிங் லேப்டாப். ரைசன் 7 5800எச், ஆர்டிஎக்ஸ் 3060, 8 ஜிபி ராம் ஒரே ஸ்டிக், 512 ஜிபி எஸ்எஸ்டி. வாரண்டி எப்பவோ முடிஞ்சிடுச்சு. கேம் ஓடும்போது திக்கித் திக்கி நிக்குது, ஃபேன் சத்தம் பக்கத்து ரூமுக்குக் கேக்குது. கடையில கேட்டா "பழசாயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க"ங்கறாங்க. கேமிங் லேப்டாப்பை வீட்ல திறந்தா போர்டே போயிடும்னும் பயமுறுத்தறாங்க. திறக்கலாமா, வேணாமா?

3 அக்டோபர் 2025, இரவு 10.40

திறக்கலாம். புதுசு வாங்காதீங்க. அதே ப்ராசஸர், அதே கிராபிக்ஸ், அதே வருஷத்து லேப்டாப் என் மேஜை மேலயும் இருக்கு. நாலு தடவை திறந்திருக்கேன். இன்னிக்கும் அதுலதான் இதை டைப் பண்றேன்.

ஆனா ஸ்க்ரூட்ரைவரைக் கையில எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி அதை சும்மா கவனிங்க. டாஸ்க் மேனேஜர்ல மெமரி பக்கத்தைத் திறந்து வச்சுக்கிட்டு கேம் ஓட்டுங்க. ராம் முக்கால்வாசிக்கு மேல நிரம்பி, அதே நேரத்துல திக்குதா? ராம் பத்தல. இல்ல, ஹெச்டபிள்யூஇன்ஃபோ மாதிரி சூட்டையும் வேகத்தையும் காட்டற ஒரு இலவச மென்பொருளைப் போட்டு இருபது நிமிஷம் விளையாடிட்டுப் பாருங்க. ப்ராசஸர் 95 டிகிரியைத் தாண்டி, கிளாக் (ப்ராசஸர் ஓடற வேகம்) விழுந்து விழுந்து எழுந்திருக்குதா? அப்ப சூடு. இந்த ப்ராசஸருக்கு ஏஎம்டி குடுத்திருக்கற உச்ச வரம்பு 105 டிகிரி. அதுக்குக் கிட்ட போனா தானாவே வேகத்தைக் குறைச்சுக்கும், எரிஞ்சு போகாது. உங்க விஷயத்துல ரெண்டும் சேர்ந்தே இருக்கும்னு நினைக்கிறேன்.

ஒத்தை ஸ்டிக்தான் பெரிய குறை. டிடிஆர்4 3200 ஒரு ஸ்டிக்னா நொடிக்கு 25.6 ஜிபி வரைக்கும் போகும். ரெண்டு ஸ்லாட்லயும் ஒண்ணொண்ணு போட்டா 51.2. பெட்டி கம்ப்யூட்டர்ல வர்ற 5800எக்ஸுக்கு எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கற குட்டி மெமரி) 32 எம்பி. நம்ம 5800எச்சுக்கு 16தான். கேஷ் கம்மியா இருக்கறதால அடிக்கடி ராமுக்கு ஓட வேண்டியிருக்கு. ஓடற பாதையையும் பாதியாக்கி வித்திருக்காங்க, அவ்வளவுதான் விஷயம்.

3 அக்டோபர் 2025, இரவு 11.15

முக்கியமானதை விட்டுட்டுத் தூங்கப் போயிட்டேன். அடி மூடியைக் கழட்டினதும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைப் பிரிக்கறது. சார்ஜர் பிடுங்கினா மட்டும் பத்தாது. பிரிச்சிட்டு பவர் பட்டனை ஒரு பத்துப் பதினஞ்சு செகண்ட் அமுக்கிப் பிடிங்க, உள்ள தங்கின மிச்ச மின்சாரமும் வடிஞ்சிடும். அதுக்கப்புறம்தான் ராமைத் தொடணும்.

சில கனெக்டர் பக்கவாட்டுல நழுவும், சிலது மேல் பக்கமாத் தூக்கணும். உங்க மாடலுக்கு எதுன்னு பெரும்பாலான கம்பெனிகள் போடற ஹார்ட்வேர் மேனுவல்ல படத்தோட இருக்கும். யூகிச்சு இழுக்காதீங்க. பேட்டரி எங்கயாவது உப்பியிருந்தா அதை நெம்பாதீங்க, குத்தாதீங்க. மூடிட்டு நேரா சர்வீஸுக்குக் கொண்டு போங்க.

5 அக்டோபர் 2025, மதியம் 2.20

முதல் தடவை திறந்த கதையைச் சொல்றேன், கேட்டவருக்குத் தைரியம் வரும்.

வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு லேப்டாப்பைத் துடைச்சு, மூடி மேல சந்தனம் குங்குமம் வச்சு, பூ போட்டுப் பக்கத்துல வைப்போம். வெளியில பளபளன்னு இருக்கும். உள்ள எப்படி இருக்குன்னு மூணு வருஷம் நான் பார்த்ததே இல்லை. அக்கா பையன் லீவுக்கு வந்திருந்தப்ப விளையாடிக்கிட்டே, "மாமா, கீபோர்டுல டபிள்யூ பக்கம் கையே வைக்க முடியல"ன்னான். தொட்டுப் பார்த்தேன், தோசைக்கல் சூடு.

அன்னிக்கு ராத்திரியே திறந்தேன். அடியில பதினொரு ஸ்க்ரூ. நீளம் வேற வேற: கீல் பக்கம் நீளம், கை வைக்கிற பக்கம் குட்டை. இதைக் கலந்துட்டா நீள ஸ்க்ரூ மேல்பக்கத்துல முட்டி, பாம் ரெஸ்ட்ல கொப்புளம் மாதிரி புடைச்சிடும். அதனால கழட்டின வரிசையிலயே இட்லித் தட்டுக் குழியில ஒவ்வொண்ணாப் போட்டேன். மூடியை நெம்பறதுக்கு ஸ்க்ரூட்ரைவர் நுனியை விடாதீங்க. காலாவதியான பழைய ஏடிஎம் கார்டு போதும். ஒரு மூலையில விட்டு ஓரமா இழுத்துக்கிட்டே போனா கிளிப்புங்க டக் டக்னு விடும். அந்த சத்தத்துக்குப் பயப்படாதீங்க, உடையற சத்தம் அது இல்ல.

ஃபேனைக் கழட்டித் திருப்பிப் பார்த்தேன். ஃபேனுக்கும் செம்புப் பட்டைகளுக்கும் நடுவுல ஒரு சாம்பல் நிறக் கம்பளி. தூசின்னு சொல்ல முடியாது, நெய்த துணி மாதிரி ஒரே படலம். சாமணத்தால ஒரு முனையைப் பிடிச்சு இழுத்தா முழுசா உரிஞ்சு வந்துச்சு. அதைப் பழைய போஸ்ட் கார்டு மேல வச்சு அக்கா பையனுக்குக் காட்டினேன். மூணு வருஷமா ஃபேன் காத்தை அந்தக் கம்பளியில மோதிக்கிட்டு இருந்திருக்கு. பாவம், கத்தாம என்ன பண்ணும்?

அதை எடுத்ததுக்கே சூடு ஆறேழு டிகிரி இறங்குச்சு. ஒரு ரூபா செலவில்ல.

5 அக்டோபர் 2025, மாலை 6.05

இட்லித் தட்டு வேணாம். ஒரு அம்மா சரியாச் சொன்னாங்க: அதுல ஓட்டை இருக்கு, குட்டி ஸ்க்ரூ நழுவிடும். குழிப்பணியாரக் கல்லு எடுத்துக்கோங்க. பன்னெண்டு குழிக் கல்லுன்னா அடி மூடி ஸ்க்ரூ மொத்தமும் அடங்கும். எம்.2 எஸ்எஸ்டியோட ஸ்க்ரூ எல்லாத்தையும் விடக் குட்டி, அதுக்குத் தனியா மூடி போட்ட டப்பா வைங்க.

ப்ளோயர் வச்சு வெளியிலிருந்தே ஊதினா போதாதான்னு கேக்கறாங்க. ஊதலாம், ஆனா அந்தக் கம்பளி அசையாது, இன்னும் இறுகும். உள்ள ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால பிடிச்சுக்கோங்க. சும்மா விட்டா தாறுமாறா சுத்தி பேரிங் கெடும்.

7 அக்டோபர் 2025, இரவு 9.30

ராம் வாங்கப் போறவங்களுக்கு.

இன்னிக்கு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். ஒரு கடையில 8 ஜிபி, 3200, டிடிஆர்4னு மூணு ஸ்டிக் எடுத்து வச்சாங்க. மேல பார்த்தா மூணும் ஒண்ணுதான். லேபிள்ல பொடி எழுத்தைப் படிங்க. ஒண்ணுல 1ஆர்எக்ஸ்16னு இருந்துச்சு, மத்ததுல 1ஆர்எக்ஸ்8. திருப்பி சிப்பை எண்ணினாலே தெரியும்: எக்ஸ்16னா பெரிய சிப்பு நாலே நாலு, எக்ஸ்8னா எட்டு. டிடிஆர்4ல எக்ஸ்16 சிப்புக்குள்ள பேங்க் குரூப் (டேட்டாவைப் பிரிச்சு வச்சிருக்கற பகுதி) ரெண்டுதான், எக்ஸ்8ல நாலு. வரிசையில கவுன்டர் கம்மியா இருந்தா கூட்டம் நிக்கற மாதிரி. கம்பெனியில போட்டுக் குடுக்கற 8 ஜிபி ஸ்டிக் நிறைய இந்த எக்ஸ்16 வகைதான்.

அதனால இருக்கற 8 கூட இன்னொரு 8 போடறதா, பழசை எடுத்துட்டு 16 + 16 போடறதான்னா, காசு இருந்தா ரெண்டாவது. 16 ஜிபி ஸ்டிக்ல எக்ஸ்8 சுலபமாக் கிடைக்கும். காசு இடிச்சா பழைய 8 கூட ஒரு 16 போடுங்க. 24ல முதல் 16 ஜிபி இரட்டைப் பாதையில ஓடும், மிச்சம் 8 ஒத்தைப் பாதையில. ஒத்தை ஸ்டிக்கோட மாரடிக்கறதுக்கு இது எவ்வளவோ மேல்.

போடும்போது ஸ்டிக்கைச் சாய்ச்சு ஸ்லாட்ல விட்டு, தங்கக் கால்கள் உள்ள மறையற வரைக்கும் தள்ளி, அப்புறம் கீழ அமுக்கணும். ரெண்டு பக்கக் கொக்கியும் பிடிக்கற சத்தம் கேக்கணும். நடுவுல இருக்கற வெட்டு ஒரு பக்கமாத்தான் பொருந்தும், அடம் பிடிச்சா திருப்பிப் பாருங்க. டிடிஆர்5 ஸ்டிக் இதுல சேரவே சேராது.

எஸ்எஸ்டி மாத்தறவங்க ஜென் 4 (பிசிஐஇ 4.0, அதாவது எஸ்எஸ்டி டேட்டா போற பாதையோட நாலாம் தலைமுறை) பார்த்து வாங்குங்க. ஜென் 3யை விட ரெண்டு மடங்கு வேகம்.

8 அக்டோபர் 2025, காலை 7.45

நேத்து எழுதின கடைசி வரி தப்பு. பொதுவா சரி, நம்ம லேப்டாப்புக்குத் தப்பு. 5800எச் பிசிஐஇ 3.0 வரைக்கும்தான். ஜென் 4 எஸ்எஸ்டி போட்டாலும் நொடிக்கு மூணரை ஜிபி கிட்ட நின்னுடும். வேலை செய்யும், ஆனா கூடக் குடுத்த காசு தூங்கும். இதே வருஷத்து இன்டெல் 11ஆம் தலைமுறை எச் வரிசைன்னா 4.0 உண்டு.

வேகத்தை விட்டுட்டு அளவைப் பாருங்க. 512ல விண்டோஸும் மூணு பெரிய கேமும் போட்டா மூச்சு முட்டுது. 1 டிபி வாங்கி ரெண்டாவது ஸ்லாட்ல போட்டுட்டா பழசைக் கழட்டவே வேணாம், விண்டோஸ் அதுபாட்டுக்கு இருக்கும். ரெண்டாவது ஸ்லாட் இருக்கா, எவ்வளவு நீளம்னு திறந்து பார்த்துட்டு வாங்குங்க. 2280ன்னா 22 எம்எம் அகலம், 80 எம்எம் நீளம். 2242 போடற இடத்துக்கு 2280 வாங்கிட்டு வந்து முழிச்சவரை எனக்குத் தெரியும்.

12 அக்டோபர் 2025, இரவு 11.50

தெர்மல் பேஸ்ட் (சிப்போட சூட்டை மேல இருக்கற உலோகத்துக்குக் கடத்தற பசை) பத்தி ஆளாளுக்குக் கேக்கறீங்க. இதுல நான் அடிபட்டிருக்கேன், முழுசா எழுதறேன்.

தூசி எடுத்து ஒரு வருஷத்துல சூடு திரும்பவும் ஏறுச்சு. பேஸ்ட் காய்ஞ்சிருக்கும்னு தெரியும், ஆனா ஹீட்சிங்க்கை (சிப்பு மேல உக்காந்து சூட்டை வாங்கற உலோகப் பாகம்) தூக்க எனக்குத் துணிச்சல் இல்ல. ஒரு சர்வீஸ் கடையில குடுத்தேன். சாயங்காலம் குடுத்துட்டாங்க. வீட்டுக்கு வந்து ஆட்டினா உள்ள ஏதோ உருளுது. திறந்தேன். ஒரு ஸ்க்ரூ மதர்போர்டு மேல ஓடிக்கிட்டிருந்துச்சு, இன்னொண்ணு இல்லவே இல்ல. வெள்ளை பேஸ்ட்டை இட்லிக்குச் சட்னி ஊத்தின மாதிரி ஊத்தியிருந்தாங்க. மெமரி சிப்பு மேல இருந்த தெர்மல் பேட் (சூடு கடத்தற மெத்துத் துண்டு) பிஞ்சு, பாதி இங்க பாதி அங்க. அந்த ஸ்க்ரூ எங்கயாவது சிப்போட ரெண்டு காலுக்கு நடுவுல உக்காந்திருந்தா லேப்டாப் அன்னிக்கே முடிஞ்சிருக்கும். கோவத்துல கை நடுங்குச்சு. இனிமே யார் கையிலயும் குடுக்கறதில்லன்னு முடிவு பண்ணது அன்னிக்குத்தான்.

நானே செஞ்சேன். ஐசோப்ரொபைல் ஆல்கஹால் 99 சதவீதம் வாங்கித் துடைச்சேன். (கை சானிடைசர் ஊத்தாதீங்க, அதுல தண்ணியும் கிளிசரினும் இருக்கு.) பிஞ்ச பேட்டுக்குப் பதிலாப் புதுசு வாங்கப் போனா கடையில 1.5 எம்எம்தான் இருந்துச்சு. மெத்துன்னுதானே இருக்கு, அமுக்கினா சப்பையாயிடும்னு நினைச்சு எல்லா மெமரி சிப்பு மேலயும் அதையே ஒட்டினேன். புது பேஸ்ட், மூடியாச்சு, ஆன் பண்ணேன்.

கேம் திறந்து ரெண்டே நிமிஷம். ப்ராசஸர் அருமையா 80 சொச்சம். கிராபிக்ஸ் 87ல போய் முட்டி நிக்குது, ஹாட்ஸ்பாட் (சிப்புல ரொம்ப சூடான புள்ளி) நூறைத் தாண்டிடுச்சு. அணைச்சிட்டு ராத்திரி ஒரு மணிக்கு மறுபடி பிரிச்சேன். ப்ராசஸர் மேல பேஸ்ட் மெல்லிசா, கண்ணாடி மாதிரி பரவியிருக்கு. கிராபிக்ஸ் சிப்பு மேல நான் வச்ச பொட்டு வச்சபடியே எலுமிச்சை விதை கணக்கா நிக்குது, உச்சி மட்டும் லேசாத் தட்டையாயிருக்கு. ஹீட்சிங்க் அதைத் தொட்டும் தொடாம நின்னிருக்கு. சுத்தியிருந்த பேட்டுங்க தடிமனா முட்டுக் குடுத்துத் தூக்கிட்டதுதான் காரணம்.

மறுநாள் அம்பத்தூர் எஸ்டேட்ல லேத் பட்டறை வச்சிருக்கற நண்பன்கிட்ட வெர்னியர் (தடிமன் அளக்கற கருவி) வாங்கி, பழைய பேட்ல நசுங்காத ஓரத்துத் துண்டை அளந்தேன். 1 எம்எம். அதே அளவு வாங்கி ஒட்டினதும் கிராபிக்ஸ் 74க்கு இறங்கிடுச்சு. ப்ராசஸர் 97ல இருந்தது 85.

என்னோடது 1 எம்எம்னா உங்களோடதும் அதேன்னு எடுத்துக்காதீங்க. ஒரே போர்டுலயே இடத்துக்கு இடம் வேற தடிமன் இருக்கும். அளந்துட்டு வாங்குங்க.

ஹீட்சிங்க் ஸ்க்ரூ பக்கத்துல 1, 2, 3னு எண் அடிச்சிருக்கும். மாட்டும்போது அந்த வரிசையில, ஒவ்வொண்ணையும் கொஞ்சம் கொஞ்சமா. கழட்டும்போது தலைகீழா. ஒரே மூலையை முழுசா இறுக்கினா சிப்பு ஓரம் உடையும், அதுக்கு மேல மூடி எதுவும் கிடையாது.

19 அக்டோபர் 2025, மாலை 4.10

தீபாவளிக்கு முன்னாடி நாள், கேள்வி கேட்டவர் பதறிப் போயி எழுதியிருக்கார். 16 + 16 போட்டு ஆன் பண்ணா திரை கறுப்பாவே இருக்காம், ஃபேன் மட்டும் சுத்துதாம். சார்ஜரை மாட்டிட்டுக் கை வைக்காம விடுங்க. புது ராமைப் பழக்கிக்க அது கொஞ்ச நேரம் எடுத்துக்கும், ஒரு நிமிஷத்துக்கு மேலயும் ஆகலாம். இடையில பவரை அமுக்கி அமுக்கி எழுப்பாதீங்க. அஞ்சு நிமிஷமாகியும் வரலன்னா கழட்டித் திரும்ப அமுக்கிப் போடுங்க, பாதி பேருக்கு அதுதான்.

19 அக்டோபர் 2025, மாலை 5.00

வந்துடுச்சாம். 32 ஜிபி காட்டுதாம். இனிப்பு எடுத்துக்கோங்க.

பிட்லாக்கர் (விண்டோஸ்ல டிஸ்க்கைப் பூட்டற வசதி) போட்டிருக்கறவங்க திறக்கறதுக்கு முன்னாடியே ரெகவரி கீயை எழுதி வச்சுக்கோங்க. உள்ள மாத்தினதும் சில லேப்டாப் 48 இலக்க எண்ணைக் கேட்டு நிக்கும். அந்த எண்ணை அதே லேப்டாப்புக்குள்ளேயே சேமிச்சு வச்சிருந்தா ஒண்ணும் பண்ண முடியாது.

9 நவம்பர் 2025, இரவு 8.15

"ராம் மாத்தியாச்சு, கிராபிக்ஸையும் 4060 ஆக்கலாமா?"

முடியாது. 3060 போர்டுலயே பற்ற வச்சது, அதோட 6 ஜிபி மெமரியும் அப்படித்தான். முன்னாடி எம்எக்ஸ்எம்னு ஒரு கார்டு வகை இருந்துச்சு, லேப்டாப்லயே கழட்டி மாட்டலாம். உடம்பு மெலிய மெலிய அது வழக்கொழிஞ்சு போச்சு. இப்ப ஃப்ரேம்வொர்க் கம்பெனி அவங்களோட 16 இன்ச் லேப்டாப்ல கிராபிக்ஸைப் பின்பக்கமாக் கழட்டி மாட்டற மாதிரி பண்ணியிருக்காங்க. 2024ல ரேடியான் 7700எஸ் போட்டு வந்துச்சு, 2025ல அதே லேப்டாப்புக்கு ஆர்டிஎக்ஸ் 5070 மாட்யூல் விட்டாங்க. அதைப் பார்த்தப்ப எனக்கு வந்த சந்தோஷம் சொல்லி மாளாது. செய்ய மனசிருந்தா செய்ய முடியும்னு ஒரு கம்பெனியாவது காட்டிடுச்சே.

வாரண்டி இருக்கறவங்க கேட்டதுக்கு: ராம், எஸ்எஸ்டி மாத்தறதை நிறைய கம்பெனி அனுமதிக்குது. ஆனா உங்க வாரண்டித் தாள்ல என்ன இருக்குன்னு படிங்க. ஹீட்சிங்க்கைத் தூக்கறதை வாரண்டி முடியற வரைக்கும் தள்ளிப் போடுங்க. நம்ம நாட்டுல நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர்ல பழுதுபார்க்கும் உரிமைக்குன்னு ஒரு இணைய தளமே தொடங்கியிருக்கு. சேர்ந்திருக்கற கம்பெனிகளோட மேனுவல், சர்வீஸ் விவரத்தை ஒரே இடத்துல போடறதுக்காக.

6 டிசம்பர் 2025, இரவு 10.30

ராம் விலை பார்த்தீங்களா? அக்டோபர்ல நான் வாங்கினதுக்கும் இப்பவுக்கும் ஒப்பிடவே முடியல. ஏஐ சர்வர்களுக்கு மெமரி போயிட்டே இருக்கு. 3ஆம் தேதி மைக்ரான் கம்பெனி, குரூஷியல் பேர்ல நம்மள மாதிரி ஆளுங்களுக்கு விக்கற வியாபாரத்தை 2026 பிப்ரவரியோட நிறுத்தறோம்னு அறிவிச்சிட்டாங்க. என் லேப்டாப்ல இருக்கற ரெண்டு ஸ்டிக்கும் குரூஷியல்தான். படிச்சப்ப தெருமுனையில இருந்த கடை மூடின மாதிரி இருந்துச்சு.

அதனால அக்டோபர்ல எழுதினதை மாத்திக்கறேன். பழைய 8ஐக் கழட்டிட்டு 16 + 16னு சொன்னேன்ல? இப்ப இருக்கற விலைக்கு அது வேணாம். இருக்கற 8 கூட இன்னொரு 8 போட்டு நிறுத்திக்கோங்க. ரெண்டு பாதையும் திறந்துடும். கழட்டின ஸ்டிக்கையும் தூக்கிப் போடாதீங்க.

புதுசு வாங்கறவங்க ராம் பற்ற வச்சதா, கழட்டறதான்னு கேட்டுட்டு வாங்குங்க. சிஏஎம்எம்2 (CAMM2)ன்னு ஒரு புது ராம் வகைக்கு, மெமரிக்குத் தரம் வகுக்கற ஜெடெக் அமைப்பு 2023 டிசம்பர்ல தரம் வெளியிட்டாங்க. மெல்லிசாவும் இருக்கும், ஸ்க்ரூ போட்டுக் கழட்டவும் முடியும். அது பரவணும்னு ரொம்ப ஆசைப்படறேன்.

28 டிசம்பர் 2025, காலை 11.00

பேஸ்ட் விஷயத்துல மனசு மாறிட்டேன். அக்டோபர்ல 85 காட்டின ப்ராசஸர் இப்ப திரும்ப 91. மூடி இல்லாத சிப்பு சூடாகி ஆறி, சூடாகி ஆறி, பேஸ்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமா ஓரத்துக்குத் தள்ளிடுது. பிரிச்சுப் பார்த்தா நடு இடம் வெறுமையா, சுத்தி வரப்பு கட்டின மாதிரி பேஸ்ட்.

இந்தத் தடவை பேஸ்ட்டுக்குப் பதிலா ஹனிவெல்லோட பிடிஎம்7950 தாள் போட்டேன். 45 டிகிரி வாக்குல மெழுகு மாதிரி இளகி, இடைவெளியை நிரப்பிட்டு அங்கேயே நிக்கும். ஃப்ரிட்ஜுல பத்து நிமிஷம் வச்சுட்டு உரிச்சா தாள் கிழியாம வரும். முதல் நாள் 89 காட்டுச்சு, காசு போச்சுன்னு நினைச்சேன். நாலஞ்சு தடவை சூடாகி ஆறினதும் 83ல நின்னுடுச்சு.

லிக்விட் மெட்டல் வேணாம். மின்சாரம் கடத்தும், ஒரு சொட்டு ஓடினா போர்டு காலி. ஹீட்சிங்க் அலுமினியமா இருந்தா அதைத் தின்னுடும்.

11 ஜனவரி 2026, இரவு 9.05

83தான், ஏறல. அக்கா பையன் பொங்கல் லீவுக்கு வந்து ரெண்டு மணி நேரம் விளையாடிட்டு, டபிள்யூ மேல கையை வச்சுக்கிட்டே "இப்ப பரவால்ல மாமா"ன்னான்.

1 எம்எம் பேட் உள்ளங்கை அகலம் மிச்சம் இருக்கு. அம்பத்தூர் பக்கம் யாருக்காவது வேணும்னா சொல்லுங்க, வெர்னியரும் தரேன், ரெண்டு நாள்ல திருப்பிக் குடுத்துடணும்.